ஆகுமானதும் ஆகாததும்: வாழவந்தியில் மறுத்த ஒரு குவளைக் காப்பி

தமிழில் 'ஆகாது' என்பது மிக எளிய சொல். ஆயினும் அதன் பொருட்பரப்பு பெரிது. 'தயிர் எனக்கு ஆகாது' என்பான் சளி பிடித்தவன். 'அந்த வீட்டாருக்கும் நமக்கும் ஆகாது' என்பார் மனத்தாங்கல் கொண்டவர். 'இன்று புறப்பட ஆகாது' என்பார் நாள் பார்ப்பவர். இஸ்லாமியத் தமிழ் வழக்கிலோ இச்சொல் ஒரு சட்டச் சொல்லாகவும் விளங்குகிறது. ஹலால் என்பதை 'ஆகுமானது' என்றும், ஹராம் என்பதை 'ஆகாதது', 'விலக்கப்பட்டது' என்றும் நம் முன்னோர் தமிழாக்கினர். அரபுத் தமிழில் மார்க்கச் சட்டம் எழுதிய கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) போன்ற பெரியோர்கள் மார்க்க விளக்கங்களைத் தமிழ் மக்களின் நாவுக்கு ஏற்ற வகையில் ஆக்கித் தந்தனர். அதற்காக நாம் பெருமை கொள்கிறோம். ஆனால் ஒரே சொல் உடலின் ஒவ்வாமையையும், மனத்தின் வெறுப்பையும், இறைவனின் விலக்கலையும் சுமந்து நிற்கும்போது ஒரு மயக்கம் நேர்ந்துவிடுகிறது. அம்மயக்கத்தை நாம் நூலகத்தில் உணரவில்லை. ஒரு மலைக்கிராமத்து வீட்டுத் திண்ணையில் உணர்ந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நாட்டு நலப்பணித் திட்டச் சிறப்பு முகாமுக்காக மாணவர்களுடன் சேர்வராயன் மலையிலுள்ள வாழவந்திக்குச் சென்றிருந்தோம். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைந்து, அங்கிருந்து காப்பித் தோட்டங்களுக்கு இடையே சென்றால் இத்தகைய சிற்றூர்கள் பலவற்றைக் காணலாம். சில்வர் ஓக் மர நிழலில் காப்பிச் செடி, மரத்தைச் சுற்றி மிளகுக்கொடி, வீட்டுக்கு அருகே பலா என்று அமைந்த ஊர்கள். இங்கு வாழ்வோர் மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள். பெயரைக் கேட்டுக் கேரளத்தார் என்று எண்ணிவிடலாகாது. இவர்கள் தமிழ் பேசுவோர். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தனர் என்னும் மரபுக்கதையைச் சொல்வோர்.

பாதை செப்பனிடும் பணி முடிந்து, வீடுவீடாகச் சென்று விவரம் சேகரித்துக்கொண்டிருந்த நண்பகலில், ஒரு மூதாட்டி எங்களைத் திண்ணையில் அமரச் செய்தார். சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் தட்டுகளில் வந்தன. பின்னாலேயே வெல்லம் இட்ட வரக்காப்பியும் வந்தது. நம்மோடிருந்த மாணவர் நால்வருள் ஒருவர் நம் காதருகே குனிந்து, "ஐயா, இது நமக்கு ஹராம் அல்லவா?" என்றார். மற்ற மூவரும் தட்டைத் தொடவில்லை. நாமும் தொடவில்லை. அம்மூதாட்டி எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். "எங்க ஊட்டுச் சோறு ஆகாதுங்களா, வாத்தியாரே?" என்று கேட்டார்.

"வயிறு சரியில்லை அம்மா" என்று சொல்லி எழுந்து வந்தோம். ஐவருக்கும் ஒரே நேரத்தில் வயிறு சரியில்லாமற் போகும் என்று அவர் நம்பியிருக்க மாட்டார். இல்லாத ஒரு ஹராமைத் தவிர்க்க எண்ணி, பொய் என்னும் ஐயமற்ற ஹராமைச் செய்துவிட்டு நாம் முகாமுக்குத் திரும்பினோம். அன்றிரவு விளக்கைச் சுற்றி அமர்ந்து மாணவர்கள் எழுப்பிய வினாக்களும், பின்னர் நாம் ஆலிம்களிடம் கேட்டும் நூல்களில் தேடியும் தெளிந்தவையுமே இக்கட்டுரை.

விலக்கப்பட்டவை எவை?

மாணவர்கள் முதலில் நீண்ட பட்டியலொன்றை எதிர்பார்த்தனர். ஆனால் திருக்குர்ஆன் உணவில் வெளிப்படையாக விலக்கியவை மிகச் சிலவே. தானே செத்தது, வழிந்தோடும் இரத்தம், பன்றியின் இறைச்சி, அல்லாஹ் அல்லாதவர் பெயரால் அறுக்கப்பட்டது ஆகிய நான்கும் 2:173, 6:145, 16:115 ஆகிய இடங்களில் திரும்பத் திரும்பக் கூறப்படுகின்றன. 5:3இல் இவை விரித்துரைக்கப்படுகின்றன. கழுத்து நெரிபட்டோ, அடிபட்டோ, உயரத்திலிருந்து விழுந்தோ, கொம்பால் குத்துண்டோ, விலங்கால் கடியுண்டோ இறந்தவை செத்தவற்றுள் அடங்கும். உயிர் பிரியுமுன் முறைப்படி அறுத்துவிட்டால் ஆகும். 5:90 மதுவை விலக்குகிறது. கோரைப்பல்லால் வேட்டையாடும் விலங்குகளும், கூருகிரால் பற்றி உண்ணும் பறவைகளும், நாட்டுக் கழுதையும் ஆகா என்பது நபிமொழியால் அறியப்படுவது. செத்தவற்றுள் மீனுக்கும் வெட்டுக்கிளிக்கும் விலக்கு உண்டு; இரத்தத்துள் ஈரலுக்கும் மண்ணீரலுக்கும் விலக்கு உண்டு. உயிர்போகும் பசியில், வரம்பு மீறும் எண்ணமின்றி உண்பவர்மீது குற்றமில்லை என்பதும் அந்தந்த வசனங்களிலேயே சேர்த்துச் சொல்லப்பட்டிருக்கிறது.

அடிப்படைப் பட்டியல் இவ்வளவே. இதற்கு அப்பால் நிலத்தில் விளையும் தானியமும், காயும், கனியும், கீரையும் கேடு தராதவரை ஆகுமானவையே. பொருள்களின் அடிப்படை நிலை ஆகுமாதலே. விலக்குக்குத்தான் சான்று வேண்டும் என்பது சட்ட அறிஞர் பெரும்பாலோர் ஏற்ற விதி. ஓர் உணவை ஹலால் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு உண்பவருக்கு இல்லை. ஹராம் என்று சொல்பவருக்குத்தான் உண்டு. நிலத்திலுள்ள ஆகுமான நல்லவற்றை உண்ணுமாறு பணிக்கும் 2:168, நம்பிக்கையாளரை மட்டும் விளிக்காமல் மனிதர் அனைவரையும் விளிப்பதை மாணவர்கள் கருதிப் பார்க்க வேண்டும். நாவுக்குத் தோன்றியபடி இது ஆகும், இது ஆகாது என்று இறைவன்மீது இட்டுக்கட்டுவதை 16:116 கடுமையாகக் கண்டிக்கிறது. ஹராமை உண்பது குற்றமாயின், இறைவன் ஹராம் ஆக்காததை ஹராம் என்பதும் குற்றமே. நம்மிடையே முன்னதற்கு அஞ்சுவோர் பலர். பின்னதற்கு அஞ்சுவோர் சிலரே.

சமைத்தவரும் பாத்திரமும்

அன்று எழுந்த ஐயங்களுள் முதலாவது, சமைத்தவர் முஸ்லிம் அல்லர் என்பது. வேதம் அருளப்பட்டோரின் உணவு ஆகும் என்று 5:5 கூறுவதைச் சிலர் நினைவுகூர்ந்து, மலைமக்கள் வேதம் அருளப்பட்டோருள் சேராரே என்று கேட்டனர். கேள்வி நல்ல கேள்வி. ஆனால் அவ்வசனத்தில் 'உணவு' என்பது அறுக்கப்பட்ட இறைச்சியையே சிறப்பாகக் குறிக்கும் என்பது விரிவுரையாளர் கருத்து. அறுத்தலுக்கு, அறுப்பவர் யார், யார் பெயரால் அறுத்தார் என்னும் நிபந்தனைகள் உண்டு. சாமைக்கும் அவரைக்கும் அறுத்தல் இல்லை. எனவே அந்த நிபந்தனையும் இல்லை. சோற்றை யார் ஆக்கினாலும் சோறு சோறே.

இரண்டாவது ஐயம், அப்பானையில் முன்பு காட்டுப்பன்றி சமைத்திருந்தால் என்ன செய்வது என்பது. இக்கேள்வியை நபித்தோழர் ஒருவரே கேட்டிருக்கிறார். வேதக்காரர்களின் நடுவே வாழ்ந்த அபூ ஸஃலபா (ரலி), அவர்கள் பாத்திரங்களில் பன்றி சமைப்பதையும் மது அருந்துவதையும் குறிப்பிட்டு, அப்பாத்திரங்களில் உண்ணலாமா என்று வினவினார். வேறு பாத்திரம் கிடைத்தால் அதில் உண்ணுங்கள். கிடைக்காவிடில் கழுவிவிட்டு உண்ணுங்கள் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தந்த விடையின் சாரம். அங்கேயும் பன்றி சமைப்பது அறிந்த செய்தி. நமக்கோ அம்மூதாட்டியின் பானையைப் பற்றி எதுவுமே தெரியாது. 'மலைமக்கள் என்றால் பன்றி உண்பார்கள்' என்று யாரோ சொல்லக் கேட்டதுதான் நம் சான்று! அப்பானை சாம்பலிட்டுத் துலக்கிப் பளபளவென்றிருந்ததை நம் கண்கள் கண்டன. கண்டதை விட்டுக் கேட்டதை நம்பினோம். பயணம் ஒன்றில் பெருமானாரும் தோழர்களும் இணைவைக்கும் பெண்ணொருத்தியின் தோற்பையிலிருந்த நீரைப் பயன்படுத்திய செய்தியும் புகாரி நூலில் உள்ளது. துருவித் துருவி ஐயுறுதலைப் பேணுதல் என்று எண்ணுவோர் இதனையும் எண்ணிப் பார்க்கலாம்.

விருப்பமின்மை வேறு, விலக்கல் வேறு

மூன்றாவதாக எழுந்தது ஐயமன்று, ஒரு மனநிலை. "எங்களுக்குச் சாமை பழக்கமில்லை, ஐயா" என்று ஒரு மாணவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். உண்மையில் அந்நால்வருள் நேர்மையாகப் பேசியவர் அவர் ஒருவரே.

தொல்காப்பியர் கருப்பொருள்களுள் உணவையும் சேர்த்தார். குறிஞ்சிக்குத் தினையும் மலைநெல்லும் தேனும், மருதத்துக்கு நெல் என நிலத்துக்கேற்ப உணவு வேறுபடும் என்பது நம் இலக்கணம். இதற்கு மிக நெருங்கிய செய்தி ஒன்று நபிமொழியிலும் உண்டு. மைமூனா (ரலி) அவர்கள் இல்லத்தில் 'ளப்பு' என்னும் பாலைநிலப் பிராணியின் வறுத்த இறைச்சி பரிமாறப்பட்டது. என்னவென்று அறிந்ததும் பெருமானார் கையை எடுத்துக்கொண்டார். உடனிருந்த காலித் பின் வலீத் (ரலி), இது ஹராமா என்று கேட்டார். இல்லை, இது என் மக்களின் நிலத்தில் இருந்ததில்லை, எனவே மனம் ஒப்பவில்லை என்னும் கருத்தில் விடை கிடைத்தது. காலித் அதைத் தம்பக்கம் இழுத்து உண்டார். பெருமானார் பார்த்துக்கொண்டிருந்தார். 'எனக்குப் பிடிக்கவில்லை' என்பதற்கும் 'ஆகாது' என்பதற்கும் இடையிலுள்ள தொலைவை இதைவிடத் தெளிவாக எவரும் காட்ட இயலாது. தம் விருப்பமின்மையைத் தோழருக்குச் சட்டமாக்க அவர்கள் விரும்பவில்லை. ஒருமுறை வீட்டார் மனம் கோணாதிருக்க வேண்டித் தேனை இனி உண்ணேன் என்று தமக்குத் தாமே விலக்கிக்கொண்டபோது, இறைவன் ஆகுமாக்கியதை ஏன் விலக்கிக்கொள்கிறீர் என்று 66ஆம் அத்தியாயத்தின் தொடக்கமே அவர்களை வினவுகிறது.

தமிழாசிரியர் என்ற முறையில் இங்கு ஒரு சிறு கிளைச்செய்தி. 'ளப்பு' என்பதை நம் மொழிபெயர்ப்புகள் 'உடும்பு' என்கின்றன. வழக்கு பழையது, சீறாப்புராணத்திலும் 'உடும்பு பேசிய படலம்' உண்டு. ஆனால் அரபுநாட்டு ளப்பு முள்வால் கொண்டது, பெரும்பாலும் இலைதழை உண்பது. நம் காட்டு உடும்போ முட்டையும் எலியும் பிற உயிர்களும் தின்பது, இனமே வேறு. ஆகவே அந்நபிமொழியைக் காட்டி நம் உடும்பு ஆகும் என்பது பொருந்துமா என ஆலிம்கள்தாம் ஆராய வேண்டும். ளப்பைப் பற்றியே ஷாபிஈ சட்ட நூல்கள் ஆகும் என்றும், ஹனஃபி நூல்கள் வெறுக்கத்தக்கது என்றும் கூறுகின்றன. நாட்டுச் சட்டத்தில் மட்டும் ஐயமில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உடும்பு வேட்டை குற்றமாகும். உரிச்சொல்லுக்கும் வினைச்சொல்லுக்கும் மட்டுமின்றி, பெயர்ச்சொல் மொழிபெயர்ப்புக்கும் எத்துணைக் கவனம் வேண்டும் என்பதற்காகவே இதைச் சொன்னோம்.

காப்பி ஹராம் என்ற காலம்

அன்று நாம் மறுத்தவற்றுள் வரக்காப்பியும் ஒன்று என்று குறிப்பிட்டோம். அதை மறுத்ததில் ஒரு வரலாற்று வேடிக்கை உண்டு. மனித நாவு அவசரப்பட்டு 'ஹராம்' என்று தீர்ப்பளித்து, பின்னர் உலக முஸ்லிம்கள் எல்லோரும் அதைக் கைவிட்ட பொருள்களுள் தலையாயது காப்பியே.

காப்பியை யெமன் நாட்டு ஸூஃபியர் 15ஆம் நூற்றாண்டில் இரவு வணக்கங்களில் விழித்திருப்பதற்காகப் பருகினர். ஏடன் நகரத்து மார்க்க அறிஞர் அத்தப்ஹானீ என்பார் அதைப் பரவலாக்கினார் என்பர். அங்கிருந்து அது மக்காவுக்கும் கெய்ரோவுக்கும் சென்றது. அதன் அரபுப் பெயர் 'கஹ்வா'. சிக்கலின் ஒரு முனை அப்பெயரிலேயே இருந்தது. பழைய அரபுக் கவிதையில் கஹ்வா என்பது மதுவின் பெயர்களுள் ஒன்று! நம் மொழியில் 'நறவு' என்பது தேனையும் குறிக்கும், கள்ளையும் குறிக்கும். 'மது' என்பதும் அத்தகையதே. நறவு என்னும் சொல்லைக் கண்டு தேனைக் கள்ளென்று ஒருவர் விலக்கினால் எப்படியோ, அப்படித்தான் காப்பிக்கும் நேர்ந்தது.

1511ஆம் ஆண்டு (ஹிஜ்ரி 917) மக்காவில் மம்லூக் அரசின் சார்பில் சந்தையையும் பொது ஒழுக்கத்தையும் கண்காணித்த முஹ்தஸிப் பதவியில் இருந்தவர் கைர் பேக். ஓரிரவு பள்ளிவாசல் அருகே சிலர் விளக்கொளியில் கூடி, குவளையைக் கைமாற்றிக் கைமாற்றிப் பருகுவதைக் கண்டார். மது அருந்துவோர் முறை அது. விசாரித்தபோது அது கஹ்வா என்றனர். மறுநாள் நகர அறிஞர்களைக் கூட்டி, காப்பியை நடுவில் வைத்துத் தீர்ப்புக் கேட்டார்.

கூடிய அறிஞர்கள் சொன்ன விடை சட்ட மாணவர்கள் மனத்தில் பதிக்க வேண்டியது. அத்தகைய கூட்டங்கள் தகாதவை என்று அவர்கள் ஒப்புக்கொண்டனர். ஆனால் காப்பி என்னும் பொருளைப் பொறுத்தவரை, அது ஒரு தாவரம். தாவரத்தின் அடிப்படை நிலை ஆகுமாதலே. கேடு தரும் என்று மெய்ப்பித்தாலன்றி விலக்க இயலாது என்றனர். நாம் மேலே கூறிய அதே விதி! உடனே கைர் பேக் மருத்துவர் இருவரைக் கொணர்ந்தார். அவர்கள் காப்பி குளிர்ச்சியும் வறட்சியும் உடையது, உடலுக்குக் கேடு என்று சான்று பகர்ந்தனர். காப்பி மதுவைப் போலவே போதை தருகிறது என்று எழுந்து சொன்ன ஒருவரிடம், மதுவின் போதை உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்டு, அவருக்கே தண்டனை அளித்தனர் என்றொரு கதையும் வழங்குகிறது. எப்படியோ, காப்பி விலக்கப்பட்டது. காப்பிக்கொட்டைகள் தெருவில் எரிக்கப்பட்டன. ஆனால் கெய்ரோவிலிருந்து வந்த சுல்தான் கான்ஸூஹ் அல்கூரியின் ஆணை, தகாத கூட்டங்களைத் தடுத்ததேயன்றிக் காப்பியை அடியோடு விலக்கவில்லை. தடை நிலைக்கவில்லை.

வழக்கு அத்துடன் முடியவுமில்லை. 1530களில் கெய்ரோவில் ஒரு சொற்பொழிவாளர் காப்பியை ஹராம் என்று முழங்க, மக்கள் காப்பிக் கடைகளைத் தாக்கினர். வழக்கு இப்னு இல்யாஸ் என்னும் நீதிபதியிடம் சென்றது. அவர் நூல்களை மட்டும் நம்பவில்லை. தம் வீட்டில் காப்பி காய்ச்சச் செய்து, சிலருக்குக் கொடுத்து, அவர்களோடு நெடுநேரம் உரையாடிக்கொண்டிருந்தார். எவர் பேச்சும் குழறவில்லை. எவர் அறிவும் மயங்கவில்லை. ஆகும் என்று தீர்ப்பளித்தார். போதை தரும் ஒவ்வொன்றும் ஹராம் என்பது நபிமொழி தந்த அளவுகோல். அந்த அளவுகோலைப் பெயரின்மீதோ வதந்தியின்மீதோ வைக்காமல் பொருளின்மீது வைத்துப் பார்த்தவர் அவர். இச்செய்திகளையெல்லாம் 16ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் அப்துல் காதிர் அல்ஜஸீரி என்பார் காப்பி ஆகும் என்று நிறுவும் தனி நூலிலேயே எழுதிவைத்தார். பின்னர் துருக்கிப் பேரரசிலும் இவ்விவாதம் தொடர்ந்தது. கரியாகும் அளவுக்கு வறுத்த பொருளை உண்ணலாகாது என்பது அங்கே எழுந்த ஒரு வாதம்.

நம் நாட்டுக்கு இக்கொட்டையைக் கொணர்ந்தவரும் ஓர் இஸ்லாமியத் துறவியே. பாபா புதன் என்னும் பெரியார் 17ஆம் நூற்றாண்டில் ஹஜ்ஜிலிருந்து திரும்புகையில் யெமனிலிருந்து ஏழு விதைகளைக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் ஊன்றினார் என்பது மரபு. அம்மலை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. சேர்வராயன் மலையில் காப்பி பயிரானது 1820களில். அப்போது சேலத்தின் ஆட்சியராக இருந்த காக்பர்ன் அதைத் தொடங்கிவைத்தார். காப்பி தமிழர் வீடுகளுக்குள் பரவியபோது இங்கும் எதிர்ப்பு எழுந்தது. நீராகாரம் போய்க் காப்பி வந்ததே என்று வருந்தியோர், உடல்நலம் கெடும் என்று எச்சரித்தோர் பலர். ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி இதனை விரிவாக எழுதியுள்ளார். எந்தச் சமயத்தாராயினும் புதிய உணவைக் கண்டால் முதலில் 'ஆகாது' என்பதே மனித இயல்பு போலும். வாழவந்தி என்னும் ஊர்ப்பெயருக்கு 'வாழ வந்தவள்' என்று பொருள் கொள்ளலாம். அயலிலிருந்து வந்து அம்மலையில் வாழ்வு பெற்ற காப்பிக்கும் அப்பெயர் பொருந்தும்.

மறுக்க வேண்டியதை மறுத்தல்

இதுவரை படித்தோர், எதையும் உண்ணலாம் என்று நாம் சொல்வதாக எண்ணிவிடலாகாது. முகாமின் பிற்பகுதியில் ஊர்ப் பெரியவர் ஒருவர் குலதெய்வத்துக்கு வேண்டுதலாக வெட்டிய கிடாயின் கறியைப் பெரிய தூக்கில் கொடுத்தனுப்பினார். இது 5:3இல் தெளிவாக விலக்கப்பட்டது. இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. இம்முறை நாம் பொய் சொல்லவில்லை. நேரில் சென்று, அன்புக்கு நன்றி கூறி, இறைவன் பெயர் சொல்லி அறுத்ததை மட்டுமே உண்பது எங்கள் மார்க்கம் என்று விளக்கினோம். அவர் சற்றும் வருந்தவில்லை. "எங்களுக்கும் விரத நாள்ல இது ஆகும், அது ஆகாதுன்னு இருக்குதுங்களே" என்று சொல்லிவிட்டு, ஒரு பலாப்பழத்தைத் தோளில் சுமந்துவந்து இறக்கினார். உண்மையான விலக்கலை மரியாதையோடு சொன்னபோது அவர் மனம் நோகவில்லை. இல்லாத விலக்கலைப் பொய்யால் மூடியபோதுதான் அம்மூதாட்டியின் முகம் வாடியது.

நம்முள்ளேயே உள்ள கருத்து வேறுபாடுகளிலும் இம்மரியாதை தேவைப்படுகிறது. நம் உறவினருள் கடற்கரைக் கிளையார் ஷாபிஈ, உள்நாட்டுக் கிளையார் ஹனஃபி. கணவாய் முன்னவர்க்கு ஆகும். மீன் தவிரப் பிற கடலுயிர்களை ஏற்காத பின்னவர்க்கு ஆகாது. இறாலை மீன் இனம் என்று கொள்ளலாமா என்பதில் ஹனஃபி அறிஞர்களிடையேயும், நண்டு நிலத்திலும் வாழ்வதால் ஆகுமா என்பதில் ஷாபிஈ அறிஞர்களிடையேயும் கருத்து வேறுபாடு உண்டு. நம் வீட்டுத் திருமணம் ஒன்றில் இறால் ஆணம் பரிமாறப்பட்டபோது, பெண் வீட்டார் உண்டனர், மாப்பிள்ளை வீட்டார் சிலர் கோழி ஆணத்துக்குத் திரும்பினர். எவரும் எவரையும் ஹராம் உண்டவர் என்று சொல்லவில்லை. படிப்பறிவு குறைந்த அம்முதியோரிடம் இருந்த பக்குவம், கல்லூரி விடுதிகளில் இன்று குறைந்து வருவதாக நமக்குத் தோன்றுகிறது.

ஐயத்துக்கு உண்மையிலேயே இடமுள்ள இடங்கள் வேறு. இனிப்புகளிலும் மருந்துக் குப்பிகளிலும் சேரும் ஜெலட்டின் பன்றித் தோலிலிருந்தும் எடுக்கப்படலாம், மாட்டெலும்பிலிருந்தும் எடுக்கப்படலாம். பொட்டலத்தின் பச்சைக் குறி அது சைவ உணவு என்பதைக் காட்டும். மதுச்சாரம் சேர்ந்துள்ளதா என்பதைக் காட்டாது. இவற்றில் படித்துப் பார்க்கும் பழக்கத்தை மாணவர் வளர்த்துக்கொள்ளலாம்.

ஊர்ப் பெரியோர்களிடமும் பணிவுடன் ஒன்று கூற வேண்டியுள்ளது. பொருளால் ஹலாலாக இருந்தும் ஈட்டிய வழியால் ஹராமாகும் உணவும் உண்டு. நெடும்பயணத்தில் தலை கலைந்து, புழுதி படிந்து, வானோக்கிக் கையேந்தும் ஒருவனைப் பெருமானார் எடுத்துக்காட்டினார்கள். அவன் உண்டதும் உடுத்ததும் ஹராமான வழியில் வந்தவை. அவன் இறைஞ்சுதல் எவ்வாறு ஏற்கப்படும் என்று வினவினார்கள். அளவையில் குறைப்போருக்குக் கேடு என்று ஓர் அத்தியாயமே (83) தொடங்குகிறது. மலையில் ஒரு குடும்பம் தை மாதம்வரை பறித்துக் காயவைத்த காப்பிக்கொட்டையையும் மிளகையும் முன்பணக் கடனைக் காட்டிக் குறைந்த விலைக்கும் குறைந்த எடைக்கும் ஒருவர் வாங்கினால், அவ்வருவாயில் வாங்கிய ஆட்டை எத்துணை முறையாக பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்தாலும் என்ன பயன்? பன்றி என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் நாம், தராசின் முள்ளைப் பார்க்கும்போது அவ்வாறு சுளிக்கிறோமா? மேடைகளில் இதைக் கேட்க நமக்குத் துணிவு வந்ததில்லை, மலரில் எழுதுகிறோம்.

முகாமின் இறுதி நாள் காலையில் அந்நால்வரையும் அழைத்துக்கொண்டு மீண்டும் அத்திண்ணைக்குச் சென்றோம். அன்று வயிறு நன்றாகத்தான் இருந்தது என்றும், அறியாமல் மறுத்துவிட்டோம் என்றும் சொன்னோம். மூதாட்டி சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. உள்ளே சென்று அடுப்பை ஊதினார். சாமை பழக்கமில்லை என்ற மாணவர்தாம் முதலில் தட்டை வாங்கினார். பாதிச்சோற்றை உண்டுவிட்டு மீதியைத் தம் தோழருக்குத் தள்ளினார். பழக்கம் ஒரு நாளில் வருவதில்லை. வரக்காப்பியை ஐவரும் மீதியின்றிக் குடித்தோம்.

புறப்படும்போது வறுக்காத காப்பிக்கொட்டை இரண்டு படி அளந்து துணியில் முடிந்து கொடுத்தார். விலை வாங்க மறுத்துவிட்டார். வீட்டில் அதை இரும்பு வடச்சட்டியில் நாமே வறுத்தோம். அனுபவமின்மையால் நன்றாகவே கரிந்துவிட்டது. துருக்கி நாட்டு அறிஞர்களின் வாதம் நினைவுக்கு வந்தது. ஆயினும் அரைத்துக் காய்ச்சி, அந்த மாதம் முழுவதும் வீட்டார் முணுமுணுத்துக்கொண்டே குடித்தனர்.